ஆட்டோமேஷன் மாணவர்களுக்கும் தொழில் 4.0 மையங்கள் வேண்டும்

ஆசிரியருக்கு,

பொறியியல் கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களைக் கூட்டிக்கொண்டு, மின்னணு-கருவியியல் போன்ற பிரிவுகளைக் கைவிடுவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். இடங்களுக்கான உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏஐசிடிஇ) 2024-25 முதல் தளர்த்திய பிறகு இது எதிர்பார்த்ததுதான். ஆனால், தொழிற்சாலை ஆட்டோமேஷன் படிக்கும் மாணவர்களின் பெரிய குறை, தொட்டுப் பழக இயந்திரம் இல்லாததே. ஓசூரில் ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். புதிதாக வரும் பட்டதாரிகள் ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சிக்கான லேடர் நிரலைத் திரையில் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். பேனலைத் திறந்து மல்டிமீட்டரைக் கொடுத்தால் திணறுகிறார்கள். குழாயின் அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் அழுத்த டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சரி, மீட்டர் பூஜ்யம் காட்டினால்? குழாயில் அழுத்தம் இல்லை என்கிறார்கள். அழுத்தமே இல்லாவிட்டாலும் 4 வர வேண்டுமே, எங்கோ வயர் விட்டிருக்கிறது என்று தோன்றுவதில்லை. டெர்மினலில் ஒரு வயரை ஒரே ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பைக் கொடுக்காதது நம் தவறு.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் கணினியும் இணையமும் இணைந்த நவீன உற்பத்தி முறையைக் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு செயல்படுத்தியது. நல்ல முதலீடு. ஐடிஐ மாணவர்களின் பயிற்சி நேரம் குறையாமல், மாலையிலும் செமஸ்டர் விடுமுறையிலும் அருகிலுள்ள பொறியியல் மாணவர்களை அங்கே பயிற்சி பெற அனுமதிக்கலாம். அந்தப் பயிற்சிக்குக் கிரெடிட் வழங்க அண்ணா பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.

– பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்