ஒரே ஒரு பிட்டில் இசை

ஆசிரியருக்கு,

பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி எழுதுகிற பலரும், 'அதில் பீப் சத்தம்தான் வரும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. ஒலிச் சிப்பே இல்லாத கணினியிலும், செயலியின் துடிப்புகளைச் சரியாக எண்ணி எழுதினால் இசை வரும்.

1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினியில் ஸ்பீக்கருக்கென்று இருப்பது 254-ஆம் போர்ட்டின் (செயலி வெளிச் சாதனங்களோடு பேசும் வழி) 4-ஆம் பிட் (1 அல்லது 0 மட்டுமே கொள்ளும் இடம்) மட்டுமே. அதை 1, 0 என்று மாற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பீக்கர் அதிரும். இசட்80 செயலிக்கு நொடிக்கு 35 லட்சம் துடிப்பு. 1000 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், ஓர் அதிர்வுக்கு இரண்டு புரட்டல் என்பதால், 1750 துடிப்புக்கு ஒருமுறை பிட்டைப் புரட்ட வேண்டும். பிட்டைப் புரட்டும் எக்ஸ்ஓஆர் 16 கட்டளைக்கு 7 துடிப்பு, அதைப் போர்ட்டுக்கு அனுப்பும் அவுட்டுக்கு 11, பி ரெஜிஸ்டரில் (செயலிக்குள் எண் வைக்கும் இடம்) எண்ணை ஏற்ற 7, மறுபடி தொடக்கத்துக்குத் தாவ 12. இடையே, பி-யை ஒவ்வொன்றாகக் குறைத்து 0 ஆகும்வரை சுற்றும் டிஜேஎன்இசட் கட்டளையால் காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் 13, கடைசி முறை மட்டும் 8. பி-யில் 132 வைத்தால் மொத்தம் 1748. அதாவது 1001 ஹெர்ட்ஸ். காதுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒலி கரகரத்தால் முதலில் நிரல் இருக்கும் முகவரியைப் பாருங்கள். 16384 முதல் 32767 வரையுள்ள நினைவகத்தைத் திரை வரையும் யுஎல்ஏ சிப்பும் படிப்பதால் செயலி அங்கே காத்து நிற்கும், கணக்கு குலையும். நிரலை 32768-க்கு மேலே வைக்க வேண்டும். நொடிக்கு 50 முறை வந்து நிரலை இடைமறிக்கும் இன்டரப்டையும் டிஐ கட்டளை போட்டு நிறுத்த வேண்டும். கணினியின் பேசிக் மொழிக்குத் திரும்பும் முன், இன்டரப்டை மறுபடி இயக்கும் இஐ கட்டளையை மறந்தால் கீபோர்டு வேலை செய்யாது. அதே போர்ட்டின் கடைசி மூன்று பிட்டுகள் திரை ஓரத்தின் நிறம். அவை மாறினால் ஓரமெல்லாம் கோடு கோடாக ஓடும்.

கமடோர் 64 கணினியில் சிட் என்ற ஒலிச் சிப் இருந்தும், பேச்சுக் குரலை வரவழைக்க அதன் வால்யூம் ரெஜிஸ்டரையே பயன்படுத்தினார்கள். 54296 என்ற முகவரியில் உள்ள அந்த ரெஜிஸ்டரின் கீழ் நான்கு பிட்டுகளை மாற்றும்போது, சிட்டின் முதல் வகையான 6581 சிப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பால் (PAL) டிவி முறைக்கான கணினியில் செயலியின் 123 சுழற்சிக்கு ஒருமுறை மாற்றினால் நொடிக்கு ஏறக்குறைய 8000 ஒலி மாதிரிகள், 16 நிலைகள். குரல் தெளிவாகவே புரியும். திரை தெரியும்போது எட்டு வரிக்கு ஒருமுறை, திரை வரையும் விஐசி சிப் செயலியிடமிருந்து 40 சுழற்சிக்கு மேல் பிடுங்கிக்கொள்வதால் குரல் நடுங்கும். 53265 முகவரியின் 4-ஆம் பிட்டை 0 ஆக்கித் திரையை அணைத்தால் சரியாகும்.

பின்னால் வந்த சிட் வகையான 8580 சிப்பில் இதே குரல் மிக மெல்லியதாகத்தான் கேட்கும். சிப் கெட்டுவிட்டது என்று எண்ணி அந்த இடத்தில் 6581-ஐச் செருகிவிடாதீர்கள். 8580-க்கு 9 வோல்ட், 6581-க்கு 12 வோல்ட். ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் வேறு. சிட்டின் மூன்று ஒலித் தடங்களிலும் பல்ஸ் (சதுர வடிவ) அலையைத் தேர்ந்து, சஸ்டெயினை (ஒலி நிலைத்து நிற்கும் அளவு) முழுதாக வைத்து, அலையை நிறுத்திவைக்கும் டெஸ்ட் பிட்டையும் ஒலியைத் தொடங்கும் கேட் பிட்டையும் 1 ஆக்கினாலே ஒலி உரக்க வந்துவிடும்.

இப்படிக்கு,
பழைய கணினி ஆர்வலர்