நடிகைகள் 'வந்து போவதற்கு' மட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறையில் வீட்டோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லி நீங்கள் போட்டிருந்த பட்டியலில் 'காத்துவாக்குல ரெண்டு காதல்' இருந்தது. சரி, இருக்கட்டும். ஆனால் அதற்குக் கீழே, காமெடிப் படத்துக்கு லாஜிக் எதற்கு என்ற மாதிரி ஒரு வரி. மூன்று நாளாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2022 மே மாதம் அந்தப் படத்துக்கு என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொரோனாவுக்குப் பிறகு அம்மா தியேட்டர் படி ஏறியது அன்றுதான். விஜய் சேதுபதி, நயன்தாரா, சமந்தா மூன்று பேரும் ஒரே படத்தில், அதுவும் சிரிப்புப் படம் என்று நான்தான் கட்டாயப்படுத்தினேன். இடைவேளைக்கு அப்புறம் ஏசியை நிறுத்திவிட்டார்கள். போய்க் கேட்டால் பதிலே இல்லை. (அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.) படமோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அம்மா ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "ரெண்டு பொண்ணும் நல்லா நடிக்கிறவங்களாச்சே, ஏன்டி சும்மா சண்டை போட விட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் ஆற்றாமை. இதே இயக்குநர் விக்னேஷ் சிவன், இதே சேதுபதி, இதே நயன்தாரா, இதே இசையமைப்பாளர் அனிருத் சேர்ந்து 2015-இல் 'நானும் ரௌடிதான்' கொடுத்தார்கள். போலீஸ் அம்மாவுக்குப் பிறந்து ரௌடி வேஷம் போடும் பிள்ளை, அவன் காதலிக்கும் பெண்ணுக்குக் காது கேட்காது. அங்கே சிரிப்பு அந்த இரண்டிலிருந்துதான் பிறந்தது. இந்தப் படத்திலும் முடிச்சு நல்ல முடிச்சுதான். ராசியில்லாதவன் என்றே வளர்ந்தவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு காதல். ஆனால் நயன்தாராவின் கண்மணியும் சமந்தாவின் கதீஜாவும் அவனை ஏன் விட மறுக்கிறார்கள் என்று படம் சொல்லவே இல்லை. அது தெரியாதபோது அவர்கள் சண்டையில் எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

லாஜிக் எதற்கு என்கிறீர்களே, 'காதலிக்க நேரமில்லை' உங்களுக்குத் தெரியாததா? 1964-இல் வந்தது. முத்துராமன் கிழவர் வேஷம் போட்டு ரவிச்சந்திரனுக்கு அப்பாவாக வருகிறார், பெண்ணின் அப்பா பாலையா நம்பிவிடுகிறார். பணக்கார சம்பந்தம் என்றதும் கண் தெரியாமல் போகிற மனிதர் அவர், அதனால் நம்புகிறார். அந்த ஒரு குணத்தின் மேல்தான் முழுப் படமும் நிற்கிறது. நாகேஷ் பேய்க்கதை சொல்லும்போது பாலையா முகம் மாறுவதைப் பார்க்க நமக்கு நேரம் கொடுத்தார் இயக்குநர் ஸ்ரீதர். நடிகரை நம்பினால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

நயன்தாராவுக்கு வராதா? 'கோலமாவு கோகிலா'வில் அப்பாவி முகத்தை வைத்துக்கொண்டே சிரிக்க வைத்தார். சமந்தா 'சூப்பர் டீலக்ஸி'ல் பிணத்தை வைத்துக்கொண்டு அல்லாடியபோது பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தெலுங்கு 'ஓ பேபி'யில் இளம் உடம்புக்குள் ஒரு கிழவியின் வாயையும் நடையையும் கொண்டுவந்தார். இத்தனை திறமையைப் பாட்டுக்கும் பொறாமைக்கும் செலவழித்ததை நீங்கள் கேட்காவிட்டால் யார் கேட்பது?

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் விமர்சனங்களில் நாயகனின் நடைக்கு ஒரு பத்தி, நாயகிக்கு 'அழகாக வந்து போகிறார்'. எத்தனை வருஷமாக இந்த ஒரே வாக்கியம்! 'மைக்கேல் மதன காமராஜ'னில் ஊர்வசி வந்து போகவா செய்தார்? திருட்டுப் பாட்டியாக எஸ்.என்.லட்சுமி? 'சதிலீலாவதி'யில் கோவை சரளா கொங்குத் தமிழில் கமலையே தூக்கிச் சாப்பிட்டாரே! 1994-இல் 'மகளிர் மட்டும்' மூன்று பெண்களை நம்பி எடுத்த படம். தியேட்டரில் எனக்குப் பக்கத்து சீட்டில் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கப்புறம் அதிகம் பார்த்ததில்லை.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விமர்சனத்தின் கீழே படம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும், வசனம் யார் என்பதையும் தயவுசெய்து போடுங்கள். எழுபது வயதுக்கு மேலானவரை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும். அடுத்த பட்டியலில் 'மகளிர் மட்டும்' படத்துக்கும் ஓர் இடம் கொடுத்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்