மதகு எண் தகடுகள்: பெயிண்ட் போனாலும் எண் நிற்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பாக, தூர்வாரும் கையோடு மதகுகளுக்குப் பெயிண்ட் அடித்து எண் தகடு மாட்டுவது டெல்டா மாவட்டங்களில் நடக்கிற வேலைதான். இரண்டு ஐப்பசி மழை போனதும் அந்தத் தகடுகளில் பாதியைப் படிக்க முடிவதில்லை. முறைப்பாசனம் (முறைவைத்துத் தண்ணீர் விடுவது) வந்து, எந்த மதகை எப்போது மூடுவது என்று போனில் பேசும்போது, லஸ்கரும் (மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளர்) விவசாயியும் வெவ்வேறு மதகை நினைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இதற்குப் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் தகட்டைத் தயார் செய்த விதத்திலும் மாட்டிய விதத்திலும்தான் இருக்கிறது.

இரும்புத் தகடு நடுவில் துருப்பிடிக்கத் தொடங்குவது அபூர்வம். ஓரத்திலும் ஆணித் துளையிலும்தான் தொடங்கும். வெட்டிய ஓரம் கூராக இருந்தால் ஈரப் பெயிண்ட் அங்கிருந்து விலகி, முடியளவுதான் மிஞ்சும். பெயிண்ட் காய்ந்த பிறகு டிரில் போட்டால் துளையின் உட்சுவர் வெறும் இரும்பு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் பெயிண்டை அடியிலிருந்து நெம்பிக்கொண்டே எழுத்து வரை போகும். ஆகவே முதலில் துளை, பிறகு அரத்தால் ஓரத்தை உருட்டுவது, அதன் பிறகே பெயிண்ட்.

16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ.) இரும்புத் தகடு போதும். 80-ஆம் நம்பர் எமரித் தாளில் பளபளப்பு போகத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ஓரங்களுக்கும் துளைகளுக்கும் தனியாக ஒரு கை (ஒரு பூச்சு) கூடுதலாக இழுக்கவும். பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ராத்திரி. தூரிகையால் ஒரு கை அடித்தால் காய்ந்த பிறகு சுமார் 25 முதல் 30 மைக்ரான்தான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நிற்கும். நாலு கை சேர்ந்தால்தான் 100 மைக்ரானைத் தொடும். தகட்டின் பின்பக்கத்துக்கும் இதே கணக்கு. பின்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது என்று விடுகிறார்கள். சுவரோடு ஒட்டி ஈரம் நிற்பது அங்கேதான்.

துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வாங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல். அதன் மேல் நேரடியாக எனாமல் அடித்தால், துத்தநாகமும் பெயிண்டில் உள்ள எண்ணெயும் கலந்து இடையில் சோப்பு உண்டாகும். ஒரு மழைக்காலம் கழித்து பெயிண்ட் ஏடு ஏடாக உரியும். சோப்புத்தூள் போட்டுக் கழுவி, எட்ச் பிரைமர் (துத்தநாகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) மெலிதாக ஒரு கை அடித்து, அதற்கு மேல்தான் மற்றவை.

தஞ்சாவூரில் தாங்குகிற தகடு வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் அதே அளவு தாங்காது. உப்புக் காற்றுதான் காரணம். பழைய தகட்டைக் கழற்றி மறுபடி அடிக்கும்போது, எமரி போடுவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அந்த ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். பெயிண்டுக்கு அடியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை உள்ளே இழுத்து, அம்மைக் கொப்புளம் போலப் பொரிந்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மலிவான சிவப்புதான் வெயிலில் முதலில் போகிறது. கறுப்பு கரித்தூள் என்பதால் வெளுக்காது. மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து நல்லது. தெற்கும் மேற்கும் பார்த்த தகடுகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் மேல்கை செத்துவிட்டது, துரு வருவதற்குள் மறுகை அடிக்கலாம். பவுடர் கோட்டிங்குக்கு (பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது) கொடுப்பவர்கள் பாலியஸ்டர் பவுடர் என்று கேட்டு வாங்க வேண்டும். எபாக்சி வெயிலில் சீக்கிரம் மாவாகிவிடும்.

எங்களைக் கேட்டால், 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் எண்ணைப் பஞ்ச் அடித்துவிட்டு, அதன் மேல் பெயிண்ட் எழுத்து போடுவதே சரி. கரையில் போகிற வண்டியிலிருந்து படிக்க 75 மி.மீ. பெயிண்ட் எழுத்து, அது போன பிறகும் கிட்டே போய்ப் பார்க்க மூலையில் 10 மி.மீ. பஞ்ச் எண். மறுபடி அடிக்கும்போது பழைய பெயிண்டைச் சுரண்டாமல் மேலே மேலே பூசினால் பஞ்ச் குழி மூடிப்போகும்.

அலுமினியத்தை ஈர சிமென்ட் கலவையில் பதிக்கக் கூடாது. சிமென்டின் காரம் அதை அரித்துவிடும். இரும்பு ஆணியும் ஆகாது. உப்பு ஈரத்தில் ஆணியைச் சுற்றி அலுமினியம் கரைந்து, துளை பெருத்து, தகடு விழுந்துவிடும். நைலான் வாஷர் கொடுத்து, சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஸ்டெயின்லெஸ் திருகில் மாட்டலாம். இடமும் முக்கியம்: ஷட்டர் பலகையில் எழுதிய எண்ணை வண்டலும் ஆகாயத்தாமரையும் தேய்த்தே அழித்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே, தலைச்சுவரில் மாட்டுங்கள். சாலையோர மரங்களில் மாட்டும் எண் தகடுகள் என்றால் அலுமினிய ஆணியை முழுதும் அடிக்காமல் ஒரு அங்குலம் வெளியே விடவும். மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காது.

கோடையில் உச்சி வெயிலில் சூடான தகட்டில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளிக்கும். காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் தகட்டைக் கழற்றிக் கூரைக்கடியில் வைத்து அடிக்க முடிந்தால் ஒழிய இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஒப்பந்தங்களில் ‘எனாமல் இரண்டு கை’ என்று மட்டும் இருக்கிறது. துளைக்குப் பிறகே பெயிண்ட், பின்பக்கமும் அதே கை, பஞ்ச் எண் கட்டாயம் என்று மூன்று வரி சேர்த்தால் விலை பெரிதாக ஏறாது. வேலையை ஏற்கும்போது, காய்ந்து ஒரு வாரமான தகட்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோ டேப் ஒட்டிச் சட்டென்று பிரித்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் பில்லில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தகடு, பெயிண்டிங் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
மன்னார்குடி.