கவுன்சிலர் டெல்லிக்குப் போகட்டும், பீடிப் பென்ஷனை அங்கே பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வார்டு கவுன்சிலராக இருந்த ஒருவர் எம்பி தேர்தலில் நிற்கப் போகிறார் என்று பேச்சு வந்தாலே, வாறுகாலும் தெருவிளக்கும் பார்த்தவருக்கு டெல்லியில் என்ன வேலை என்று நம்ம ஊரில் சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். படேல் அகமதாபாத் நகராட்சியை நடத்தியவர். திரௌபதி முர்மு 1997-ல் ஒடிசாவில் ராய்ரங்பூர் என்ற சின்ன ஊரில் கவுன்சிலராகத்தான் தொடங்கி, 2022-ல் குடியரசுத் தலைவர் ஆனார்.

நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று பாருங்கள், பீடி சுற்றும் பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிஎஃப்-ல் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை, அதனால் பணம் வரவில்லை என்று கையில் காகிதத்தோடு நிற்பார்கள். பாவம், கவுன்சிலரால் ஒரு கடிதம் எழுதித் தர முடியும், அவ்வளவுதான், ஏனென்றால் பிஎஃப் மத்திய அரசின் கையில் இருக்கிறது. பிஎஃப் வழியாக வரும் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். ஆயுசு முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றி, முதுகும் கண்ணும் போன ஒரு அம்மாவுக்கு அது மருந்து வாங்கக் காணுமா? பீடித் தொழிலாளர் நல நிதிக்கு வந்துகொண்டிருந்த செஸ் வரி கூட 2017-ல் ஜிஎஸ்டியோடு நின்றுபோனது. இதையெல்லாம் மாற்ற வேண்டிய இடம் பார்லிமெண்ட்தான். அந்த வாசலில் நின்று இதைக் கேட்டவரைவிட இதைப் பேசத் தகுதியான ஆள் யார்?

ஆனால் எம்பிக்கு நிற்கும்போதும் நோட்டீஸில் அதே ரோடு, அதே வாறுகால், அதே குடிதண்ணீர் என்றுதான் போடுகிறார்கள், இதுதான் எனக்கு வருத்தம். அது மாநகராட்சி வேலை. எம்பி நிதி வருஷத்துக்கு 5 கோடி. நெல்லை எம்பி தொகுதிக்குள் வரும் ஆலங்குளம், நெல்லை, அம்பை, பாளை, நாங்குநேரி, ராதாபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்தால் ஒரு தெருவுக்கு என்ன வந்துவிடும்? கேள்வி கேட்கும் உரிமை அதைவிடப் பெரியது. நெல்லையில் எத்தனை பீடித் தொழிலாளருக்குப் பென்ஷன் போகிறது, பெயர்ப் பிழையால் எத்தனை மனு கிடக்கிறது என்று எம்பி எழுதிக் கேட்டு, அந்தக் கேள்வி ஏற்கப்பட்டால், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக் குறிப்பிலும் ஏறும்.

அடுத்த தேர்தலில் உங்கள் நிருபர்கள் வேட்பாளர்களைப் பார்க்கும்போது, டெல்லியில் முதல் கூட்டத்தொடரில் பீடிப் பென்ஷன் பற்றி என்ன கேட்பீர்கள் என்று எல்லோரிடமும் கேளுங்கள். பதிலை அவரவர் பெயரோடு ஓட்டுப்பதிவுக்கு முன்னால் போடுங்கள், பதில் சொல்லாதவர் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி