இஸ்தானாவைக் கட்டிய கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் அதிபரின் அதிகாரத்துவ இல்லமான இஸ்தானா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தோட்டத்தின் அழகையும் உள்ளே நடக்கும் கலைநிகழ்ச்சிகளையும் விரிவாகச் சொன்ன செய்தி, அந்த மாளிகையைக் கட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. 1867 முதல் 1869 வரை எழுந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் அன்றைய காலனி அரசின் பொறியாளர் மேஜர் மெக்நேர். கட்டியவர்களோ அவர் பொறுப்பில் இருந்த இந்தியக் கைதிகள். வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் இங்கேதான் கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் ஆனார்கள். பிரிட்டிஷ் ஆளுநருக்காகக் கட்டிய மாளிகை என்பதற்காக மட்டும் அதை மரபுச் சின்னமாகப் போற்றினால் பாதிக் கதைதான் மிஞ்சும். அதைக் கட்டியவர்களின் உழைப்புக்கும் அதே மதிப்பு வேண்டும்.

ஒரு தீபாவளி நாளில் என் பேத்தியுடன் போயிருந்தேன். வெள்ளைத் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்து, "இதை யார் தாத்தா கட்டினாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னதும், பின்னால் நின்ற இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தன. எல்லாருமே தமிழர்கள், ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. சரி, இனியாவது திறப்பு நாள்களில் முகப்பிலேயே நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு பலகை வைக்கலாம். கைதிகளின் பெயர்ப் பதிவுகள் கிடைத்தால், சில பெயர்களையாவது அதில் பொறிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர், சிங்கப்பூர்