நாற்பதைத் தாண்டியவர்களும் பனித்தளத்தில் இறங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் குளிர்காலத்தில் ஐஸ் பக்கமே போகக் கூடாது, வீட்டுக்குள் நடந்தால் போதும் என்று கடந்த வார உடல்நலப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை புரிகிறது, அறிவுரையைத்தான் ஏற்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 48. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். என் மகள் சிறு வயதில் ஸ்கேட்டிங் பழகியபோது கோப்பியும் கையுமாக வாங்கிலில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. சென்ற குளிர்காலத்திலிருந்து பெரியவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்புக்கு, அதாவது ஐஸில் வளைவும் சுழற்சியும் பாய்ச்சலும் பழகும் வகுப்புக்குப் போகிறேன்.

விழுந்துவிடுவோம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் முழுப் பயமும். எங்கள் பயிற்றுநர் முதல் நாளில் சொல்லித் தந்ததே எப்படி விழுவது என்பதைத்தான். முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்த வேண்டும். பின்னால் சாயாமல் பக்கவாட்டில், சதைப்பற்றுள்ள இடுப்புப் பகுதியில் விழ வேண்டும். பிறருடைய சப்பாத்தின் அடியிலுள்ள பிளேடு விரல்மேல் ஏறாதிருக்க உடனே கையைப் பொத்திக்கொள்ள வேண்டும். எழும்புவதற்கும் முறை உண்டு. முதலில் மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, இரு கைகளாலும் அந்த முழங்காலை அழுத்தி எழ வேண்டும். என் வேலையிடத்தில் இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களில் பலர் குளியலறையிலோ கட்டிலருகிலோ விழுந்தவர்கள். பல ஆண்டுகளாகத் தரையில் உட்கார்ந்து எழும்பாத உடல்கள் அவை. அதனால்தான் இந்தப் பயிற்சியை நான் இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன். எலும்புத் தேய்வு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பது உண்மை. பின்தலையையும் மூடும் ஹாக்கி ஹெல்மெட் எல்லோருக்கும் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் அதற்கு ஈடாகாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் சப்பாத்தினால்தான். வாடகைச் சப்பாத்தில் கணுக்கால் பகுதி தொய்ந்து, பிளேடும் மழுங்கியிருந்தால் எவருக்கும் கால் உள்நோக்கிச் சரியும். அதைத் தன் வயதின் குறை என்று நினைத்துப் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நல்ல சப்பாத்தில் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடும், முழங்காலை மடித்தாலும் குதிக்கால் மேலெழும்பாது. விரல் பக்கம் நாடாவைத் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். தடித்த கம்பளிக் காலுறை வேண்டாம், மெல்லியதே போதும். புதுப் பிளேடையும் தீட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துத் துணி உறை போட வேண்டும். பிளாஸ்டிக் உறையிலேயே விட்டுவிட்டால் துருப்பிடிக்கும்.

ஃபிகர் ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் நடுவில் குழிந்து, இருபுறமும் இரு கூரிய விளிம்புகளாக இருக்கும். உள்விளிம்பில் சறுக்குவது எனக்கு விரைவில் வந்துவிட்டது. வெளிவிளிம்பு அப்படியல்ல. சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, வலது காலில் வலப்பக்கம் வளைந்து போக வேண்டும். தாங்கிப் பிடிக்க மறு கால் கீழே இருக்காது. உடல் மறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு மாலை, தோளைத் திருப்பிப் பார்வையை வட்டத்தின் உள்ளே வைத்தபோது கால் தானாக வளைந்து போனது. குனிந்து பார்த்தேன். ஐஸில் மெல்லிய ஒற்றைக் கோடு. இரண்டு கோடு விழுந்திருந்தால் இரு விளிம்பும் பட்டிருக்கிறது, அதாவது நான் சாயவே இல்லை. பனித்தளம் இப்படி ஒவ்வொரு அடியையும் பதிந்து காட்டிவிடும். இப்போது ‘மூன்று’ பழகுகிறேன். முன்னோக்கி வெளிவிளிம்பில் போய், அதே காலில் திரும்பிப் பின்னோக்கி உள்விளிம்பில் வர வேண்டும். தடம் 3 போலவே விழும்.

தொலைக்காட்சியில் பாய்ச்சல்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த விளையாட்டின் மறுபாதி தெரிவதில்லை. பிளேடால் ஐஸில் வட்டங்களைத் துல்லியமாக வரைவது 1990 வரை உலகப் போட்டிகளில் ஒரு கட்டாயப் பகுதியாக இருந்தது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா தங்கம் வென்றது அந்த வட்டங்களின் பலத்தில்தான். நம் கனடாவின் கேரன் மேக்னசன் வெள்ளி பெற்றார். பொறுமையும் கவனமும் கேட்கிற இந்தப் பகுதி எங்கள் வயதினருக்கு மிகப் பொருத்தமானது என்பேன். ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் நகரில் 28 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று 2005 முதல் சர்வதேசப் போட்டி நடக்கிறது, அறுபது எழுபது வயதினரும் அங்கே இறங்குகிறார்கள். நான் அங்கே போக வேண்டும் என்பதில்லை. அவர்களால் முடிகிறது என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும்.

பெரியவர்களுக்கு ஐஸ் கிடைப்பதுதான் இங்கே கடினம். நல்ல நேரமெல்லாம் ஹாக்கிக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. எங்கள் வகுப்பு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, காலை வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் வர முடியும்? நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விழாவுக்கு மண்டபம், கிரிக்கெட்டுக்கு மைதானம் என்று வாடகை கொடுக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் பனித்தளத்தையும் எடுத்து, ஒரு பயிற்றுநரை அழைத்து, பெற்றோரை இறக்கிப் பார்க்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோ நகரசபையின் திறந்தவெளிப் பனித்தளங்களில் பொதுநேரம் இலவசம் என்பதையும், பெரியவர் வகுப்புகளுக்கான பதிவுத் தேதிகளையும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வெளியிடுங்கள். இடங்கள் மிக விரைவில் நிரம்பிவிடுகின்றன. ஆகவே பதிவுக்கான இணையக் கணக்கை ஒரு வாரம் முன்பே திறந்துவைக்கச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ