குவாரியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

கல் எடுத்து முடித்தபின் வேலியுமின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்த குவாரி, இன்று நடைபாதையும் விளையாட்டுத் திடலும் நீர்நிலையும் கொண்ட பொது இடமாகியிருக்கிறது. அதற்காக உழைத்தவர்களுக்கு எங்கள் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, முன்பு இதே குவாரியில் கல்லுடைத்த மூத்த தொழிலாளர்களுக்கு உரியது. வெடி வைத்துத் தகர்த்த பாறையில் விரிசல்கள் வெளியே தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கடப்பாரையால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது, பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளந்து நிற்கிறது என்று அவர்கள் காதால் கேட்டே பிரித்துச் சொன்னார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தளர்ந்த கற்களை ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளினார்கள். அந்த வேலை முடியும்வரை ஒரு செடிகூட நடக்கூடாது என்று அவர்கள் பிடிவாதமாக நின்றபோது எங்களில் சிலருக்கு வருத்தம் இருந்தது. அவர்கள் சொன்னதே சரி.

பள்ளத்தை முழுவதும் மூடிவிடலாம் என்றிருந்த எங்களைத் தடுத்த பொறியாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். குவாரி நீரில் நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவதற்கு, கரையிலிருந்து ஓரடி வைத்ததுமே கால் எட்டாத ஆழமும், ஏறி வரப் பிடிமானம் இல்லாத செங்குத்துச் சுவரும், மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் அடியில் உறையும் குளிர்ச்சியும் காரணங்கள் என்று விளக்கி, ஒரு பக்கக் கரையைப் படிப்படியாகச் சரித்து ஆழமற்ற விளிம்பாக்கிக் கொடுத்தார்கள்.

இரவில் குப்பை லாரிகள் வந்து கொட்டிவிடாமல் முறைவைத்துக் காவல் காத்த குடும்பங்களை மறக்க முடியாது. குவாரிக்குள் விழும் கழிவு, பாறை விரிசல்கள் வழியே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு நாங்கள் வெறும் சரளையில் நட்ட முதல் கன்றுகள் பட்டுப்போயின. அப்போதுதான் தாவரவியல் ஆசிரியை ஒருவர், கென்யாவின் மொம்பாசாவில் 1971இல் ரெனே ஹாலர் என்ற இயற்கையியலாளர் தொடங்கிய பணியை எடுத்துக்கூறினார். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய மொட்டை நிலத்தில் அவர் சவுக்கு நட்டார். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கின. மட்காமல் குவிந்த சருகை மரவட்டைகளை விட்டுத் தின்னச் செய்தபோது மண் உருவானது. அந்த ஒழுங்கையே நாங்களும் பின்பற்றினோம்: முதலில் வறட்சி தாங்கும் மரம், பிறகு மண், அதன்பின் மற்றவை. வீட்டுச் சருகை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தந்த மாணவர்களுக்கு அன்பான நன்றி.

ஒரு பாறைச் சுவரை மட்டும் செடி கொடி ஏற்றாமல் விட்டிருக்கிறோம். அங்கே ஆந்தை கூடு வைக்க இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பறவை ஆர்வலர்களுக்கு நன்றி.

மழைக்காலம் முடிந்ததும் பாறைகளை மீண்டும் தட்டிப் பார்க்க மூத்த தொழிலாளர்கள் வர இசைந்திருக்கிறார்கள். இம்முறை அந்த ஒலியைக் கேட்டுப் பழக இளைஞர்கள் சிலரும் அவர்களுடன் செல்வார்கள்.

நன்றியுடன்,
குவாரி மீட்புக் குழுவினர் சார்பில்